சீல் விழுந்த கார்டு

பனியன் ஊரின் அடுப்பு: தொடர் - 9

மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் ரேஷன் கடைக்காரர் கார்டைக் கையில் வாங்கியதும் பெயரைப் பார்க்க மாட்டார், சீலைத் தேடுவார். கேஸ் ஏஜென்சியில் குத்தி அனுப்பிய ரப்பர் ஸ்டாம்பு அது. ஒரு சிலிண்டர் என்று விழுந்திருந்தால் மாதம் மூன்று லிட்டர். இரண்டு சிலிண்டர் என்றால் காலிக் கேனோடு வீடு திரும்ப வேண்டியதுதான். சீலே விழாத கார்டுக்குத்தான் முழு அளவு.

"சீல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அந்த வரிசையில நில்லுங்க."

1990களிலும் 2000த்தின் முதல் சில வருடங்களிலும் தமிழ்நாட்டின் எந்த ஊர் ரேஷன் கடையிலும் காதில் விழுந்திருக்கக்கூடிய பேச்சு இது. திருப்பூர் ராயபுரம் மாதிரி இடங்களில் இதற்கு மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: "கார்டு ஊர்ல இருக்குதுங்க."

சென்ற பகுதியை விறகுக் கடைகளோடு நிறுத்தியிருந்தோம். அடுப்பெரிக்க அரசு கொடுத்த எண்ணெயும் வாயுவும் இந்த வாரத்துக் கதை. கொடுத்ததைவிட, கொடுத்தது யார் கைக்குப் போகிறது என்று அரசு எண்ணிப் பார்த்த விதங்கள்தான் இதில் சுவாரஸ்யமானவை. சீல், சாயம், உள்தாள், கைரேகை, கண் கருவிழி என்று அந்த எண்ணிக்கைக்கு அரை நூற்றாண்டில் பல உருவங்கள்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள முதியவர்களுக்கு அரசே பணம் தரும் நாடுகள் உண்டு. அதற்கும் வருவோம். திருப்பூர் மார்கழிக்கு ஒரு போர்வை போதும். இங்கே நெருப்பு வேண்டியிருப்பது சோற்றுக்கும் குழம்புக்கும், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு ஒரு வாளி சுடுதண்ணிக்கும்தான். ஆனால் அந்த ஒரு வாளிக்கும் கணக்கு இருந்தது.

ரேஷன் என்பதே போர்க்காலத்துச் சரக்கு. இரண்டாம் உலகப் போரின் நடுவில் பர்மா அரிசி நின்றுபோய், வங்கத்தில் பஞ்சம் வந்த பிறகுதான் இந்திய நகரங்களில் அளந்து கொடுக்கும் முறை வேரூன்றியது. 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். எடுத்தது நிலைக்கவில்லை. 1955-ல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் வந்தது. உணவோடு பெட்ரோலியப் பொருட்களும் அதன் பிடிக்குள் வந்தன. 1967-ல் அண்ணாவின் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அரிசிக்கென்று அமைந்த இந்தக் கடை வரிசையிலேயே மண்ணெண்ணெய் பேரலும் வந்து நின்றது.

திருப்பூரில் மண்ணெண்ணெய் வெறும் விளக்கெண்ணெயாக இருந்துவிடவில்லை. அதற்குக் காரணம் லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, முன்பக்கம் ஒரு கல் மேடை, வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், கடைசியில் இரண்டு கழிப்பறை. இப்படி எட்டோ பத்தோ வீடுகள் ஒரே ஓட்டுக்குக் கீழே. வாடகை பேசும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: விறகு எரிக்கக் கூடாது, சுவர் கறுத்துவிடும். காலை எட்டரைக்கு கம்பெனிக்குள் இருக்க வேண்டிய பெண்ணுக்கு விறகை ஊதிக்கொண்டிருக்க நேரமும் கிடையாது. ஆகவே ஸ்டவ். காற்றடித்துப் பற்றவைக்கும் பம்ப் ஸ்டவ், அது இல்லையென்றால் திரி ஸ்டவ். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய 'நூதன்' திரி ஸ்டவ் குறைந்த எண்ணெயில் எரியும் என்று பேர் வாங்கியது.

பம்ப் ஸ்டவ்வின் பர்னர் துளை அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க, தகரப் பட்டையின் முனையில் முடிபோல் ஒரு கம்பி வைத்த 'ஸ்டவ் பின்' பெட்டிக்கடைகளில் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு அடுப்பு அடைத்து, வீட்டில் பின்னும் இல்லாமல் போனால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். லைன் வீட்டு நட்புகள் பலவற்றுக்கு அந்தக் கம்பிதான் தொடக்கம். 

இப்போது எண்ணெயின் விலைக்கு வருவோம். 2002 ஏப்ரலில் பெட்ரோலியப் பொருட்களுக்கான அரசுக் கட்டுப்பாட்டு விலை முறை முடிவுக்கு வந்தது என்று அறிவித்தார்கள். ஆனால் ரேஷன் மண்ணெண்ணெய், வீட்டு சிலிண்டர் இரண்டிலும் கை வைக்க எந்த அரசுக்கும் துணிவில்லை. லிட்டர் 9 ரூபாயை ஒட்டியே 2010 வரை மண்ணெண்ணெய் ஓடியது. அதே காலத்தில், 2005-லேயே, டீசல் 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும் எண்ணெய்கள். ஒரு லிட்டரில் இருபது ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தால் அது எந்தப் பக்கம் வழியும் என்று சொல்லத் தேவையில்லை.

அரசு முதலில் செய்தது, சாயம் போட்டது. ரேஷன் எண்ணெய்க்கு நீலம். வெளிச்சந்தையில் விற்கும் மண்ணெண்ணெய் வெள்ளை. நீலம் எங்கே தென்பட்டாலும் அது ஏழையின் அடுப்பிலிருந்து திருடியது என்று பொருள். சாயப்பட்டறை ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஏற்றிய சாயத்தை எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் நாட்டில் எங்கும் இருந்தார்கள். 2005-ல் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வு, ரேஷனுக்கென்று ஒதுக்கிய மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 38 சதவீதம் வேறு வழியில் போய்விடுகிறது என்று கணக்குச் சொன்னது. ஐந்து கேனில் இரண்டு.

அந்த வருடம் நவம்பர் 19 அன்று, உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கர்நாடகத்துக்காரர், லக்னோ ஐஐஎம்மில் படித்தவர். கலப்பட எண்ணெய் விற்ற பங்க்குக்கு சீல் வைத்ததுதான் அவர் செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மண்ணெண்ணெயில் ரசாயன அடையாளம் ஒன்றைக் கலக்கத் தொடங்கினார்கள்; டீசலில் துளி கலந்தாலும் சோதனையில் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். 2008 முடிவதற்குள் அதையும் கைவிட்டாயிற்று. 2011 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தைய பகல், மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கலப்படக்காரர்களைப் படம் பிடிக்கப் போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவானேவை உயிரோடு எரித்தார்கள். மானியம் என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி இரண்டு பிணங்கள் கிடக்கின்றன என்பதை பட்ஜெட் உரைகள் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸ் பிரிவே உண்டு; 1980-ம் வருடத்துக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டமும் கையில் இருந்தது. நம் ஊர் முறைகேடு பெரும்பாலும் சில்லறை அளவிலானது: எண்ணெய் அளக்கும் கேனில் நுரை அடங்குமுன் கவிழ்த்துவிடுவது, இல்லாத ஆளின் கார்டுக்குப் பில் போடுவது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுக் கார்டு கொடுத்துப் போலியைக் களைவதுதான் ஏற்பாடு. 2005-ல் கொடுத்த கார்டு 2009 வரைக்கும் என்று அச்சானது. அதற்கப்புறம் புதுக் கார்டு வரவேயில்லை. ஒவ்வொரு வருடமும் 'உள்தாள்' என்று ஒரு தாள் வரும். ஒட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வரும் வரை தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பசைவாடை அடிக்கும் அந்தக் கார்டோடுதான் வாழ்ந்தன. உள்தாள் ஒட்டும் மாதத்தில் லீவு போட்டு சொந்த ஊர் போய்வராத திருப்பூர்த் தொழிலாளி அபூர்வம்.

இனி, இந்த வரலாற்றின் மிகச் சுவையான சீல். அது ஒற்றை எழுத்து: எச்.

2001-ல் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானபோது கஜானா வறண்டிருந்தது. மத்திய அரசோ 1997-லேயே வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று குடும்பங்களைப் பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்று விதி கொண்டுவந்திருந்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் ஒரே ரேஷன் என்று நடத்திக்கொண்டிருந்தது. செலவு தாங்காத கட்டத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் கார்டில் 'எச்' முத்திரை விழத் தொடங்கியது. ஆங்கிலத்தில் 'ஹானரரி' என்ற சொல்லின் முதல் எழுத்து. கௌரவக் கார்டு! கௌரவம் உண்டு, அரிசி கிடையாது.

ஒரு விதத்தில் நியாயமான யோசனைதான். கார் வைத்திருப்பவர் ரேஷன் அரிசியை வாங்கி மாவுமில்லுக்குத் தள்ளுவதை யார் ஆதரிப்பார்கள்? சிக்கல், அந்த 5,000 என்ற கோடு எங்கே விழுந்தது என்பதில். அரசு ஊழியரின் சம்பளம் பட்டியலில் இருக்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு மாதச் சம்பளம் என்பதே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருவதுதான் வருமானம். ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஓட்டிய மாதத்தில் புருஷன் ஓவர்லாக்கிலும் மனைவி செக்கிங்கிலும் மகன் அயனிங்கிலுமாக 5,000-ஐத் தாண்டிவிடுவார்கள். அடுத்த மாதம் நூல் வரவில்லை, ஷிப்மென்ட் தள்ளிப் போனது என்று கம்பெனி பாதி நாள் பூட்டிக் கிடக்கும். விசாரிக்க வருகிறவர் எந்த மாதத்தில் வருகிறார் என்பதைப் பொறுத்தது எழுத்து.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எச் விழுந்தால் கார்டைத் தூக்கி எறிந்துவிட முடியுமா? போன் கனெக்‌ஷன், கேஸ், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதுதான் முகவரிச் சான்று. ஆக, அரிசி தராத கார்டைப் பெட்டியில் பூட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டே, அதில் விழுந்த எழுத்தை நினைத்துக் குமுறினார்கள்.

2004 மே 13-ல் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதிமுக அணிக்கு இல்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. எச் முத்திரை ரத்து, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் மறுபடி, வேலைநிறுத்த நடவடிக்கைகள் வாபஸ் என்று அறிவிப்புகள் வரிசை கட்டின. தோல்விக்கு எச் மட்டும் காரணமென்று சொல்ல முடியாது. 2003-ல் அரசு ஊழியர்களை ஒட்டுமொத்தமாக வேலைநீக்கம் செய்தது அதைவிடப் பெரிய காயம். ஆனாலும் எந்தக் கட்சியும் அந்த எழுத்தை மறக்கவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-ல் ஜெயலலிதாவே இலவசம். அரிசி வேண்டாம் என்று தானாக ஒதுங்கிக்கொள்பவருக்குச் சர்க்கரைக் கார்டு. மற்றபடி வருமானம் என்ன என்று அரிசிக் கடையில் யாரும் கேட்கவில்லை.

எச் முத்திரையின் கதை இருபது வருடம் கழித்து லண்டனில் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

பிரிட்டனில் 1997-ல் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் கொண்டுவந்தது குளிர்கால எரிபொருள் உதவித்தொகை. ஹீட்டர் போட்டுக்கொள்ள முதியோருக்கு வருடத்துக்கு ஒருமுறை பணம். பின்னாளில் அது 200 பவுண்டு, 80 வயது தாண்டினால் 300 என்றானது. பணக்காரர், ஏழை வித்தியாசம் கிடையாது. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கும் இதே தொகைதான். ஓய்வுக்காலத்தை ஸ்பெயினின் வெயிலில் கழிக்கும் ஆங்கிலேயருக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கொதித்த பத்திரிகைகளுக்குப் பதிலாக, 2015 முதல் ஒரு வெப்பமானிக் கணக்கு வந்தது: இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைவிடக் குளிர் குறைந்த நாட்டில் வாழ்பவருக்கு இல்லை. நாடுகளின் குளிரை அளந்து தகுதி பிரித்த இந்த விதிக்கு முன்னால் நம்முடைய கேஸ் சீல் எளிமையானது.

2024 ஜூலை 29 அன்று, புதிதாக ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இனி வறிய ஓய்வூதியர்களுக்கான கூடுதல் உதவி வாங்குபவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொகை என்றார். ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்கள் பட்டியலிலிருந்து வெளியே விழுந்தார்கள். கோட்டுக்கு இரண்டு பவுண்டு மேலே இருப்பவர் என்ன செய்வார் என்ற பழைய கேள்வி அங்கேயும் எழுந்தது. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் லேபருக்கு அடி. அந்த மாதமே பிரதமர் ஸ்டார்மர் பின்வாங்கினார். ஜூன் 9-ல் புது விதி வந்தது. வருட வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கெல்லாம் உண்டு. அதற்கு மேல் என்றால் வரியில் பிடித்துக்கொள்வார்கள். எச் முத்திரை வாழ்ந்தது இரண்டு வருடம். ரீவ்ஸின் கோடு ஒரே ஒரு குளிர்காலம்.

மறுபடி ராயபுரத்துக்கு. ஸ்டவ்வுக்கு முடிவு கட்டியது கேஸ். 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தபோது அது மேல்தட்டுச் சமாச்சாரம். நாற்பது வருடத்தில் அது கீழே இறங்கி வந்தது. 2007-ல் கருணாநிதி அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு அடுப்பும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சீல் விழாத கார்டுகள் இப்படி அரசே கொடுத்த அடுப்பால் சீல் விழுந்த கார்டுகளாக மாறின. மண்ணெண்ணெய் அளவு தானாகக் குறைந்தது. 2016 ஜூலை முதல் 25 காசு, 25 காசாக விலை ஏறியது. 2021-22 மத்திய பட்ஜெட்டில் மண்ணெண்ணெய் மானியத்துக்கு ஒதுக்கீடு பூஜ்யம். யாரும் ஊர்வலம் போகவில்லை. ஓடிய எண்ணெயை நிறுத்தியிருந்தால் கேள்வி வந்திருக்கும். சொட்டுச் சொட்டாக வற்றியதால் வரவில்லை.

இதற்கிடையில் கண்காணிப்பு சிலிண்டர் மேல் உட்கார்ந்தது. 2012 செப்டம்பரில், வருடத்துக்கு மானிய சிலிண்டர் ஆறு என்று ஒரு கட்டுப்பாடு. எதிர்ப்பில் 2013 ஜனவரியில் ஒன்பது, 2014 தேர்தலுக்கு முன் பன்னிரண்டு. பிறகு, மானியத்தை சிலிண்டரில் தராமல் பேங்க் கணக்கில் போடும் 'பஹல்' திட்டம். 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும். உலகிலேயே பெரிய பணமாற்றத் திட்டம் என்று கின்னஸில் ஏறியது. வசதியுள்ளவர்கள் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்ற வேண்டுகோளுக்கு ஒரு வருடத்தில் ஒரு கோடிப் பேர் செவிசாய்த்தார்கள். மிரட்டாமல் கேட்டதற்கு வந்த பதில் அது. நம்முடைய சர்க்கரைக் கார்டின் தம்பி என்று சொல்லலாம்.

போலி இணைப்புகளை ஒழித்துப் பல ஆயிரம் கோடி மிச்சம் என்று மேடைகளில் பேசினார்கள். 2016-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த மிச்சத்தைப் பிரித்துப் போட்டது. 2014 ஏப்ரல்-டிசம்பரோடு ஒப்பிட்டால் 2015-ன் அதே ஒன்பது மாதத்தில் மானியச் செலவு 23,316 கோடி ரூபாய் குறைந்தது உண்மை. அதில் 21,552 கோடி, உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததால் தானாகக் குறைந்தது. மானிய சிலிண்டர்கள் குறைவாக எடுக்கப்பட்டதால் மிஞ்சியது 1,764 கோடி. அதுவும் சின்னப் பணமல்ல. ஆனால் பேச்சில் கேட்ட தொகைக்கும் இதற்கும் நடுவே கொள்முதல் விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள தூரம்.

அதே அலுவலகம் 2019-ல் உஜ்வலா திட்டத்தையும் கிளறியது. 2016 மே 1 அன்று பல்லியாவில் பிரதமர் தொடங்கி வைத்தது. வறிய வீட்டுப் பெண்கள் பெயரில் இணைப்பு. எட்டுக் கோடி இணைப்பு இலக்கு நாளுக்கு முன்பே முடிந்தது. தணிக்கை கேட்டது வேறு கேள்வி: இணைப்பு கிடைத்தவர் அடுத்த சிலிண்டர் வாங்கினாரா? 3.18 கோடிப் பயனாளிகளின் கணக்கில், ஆளுக்குச் சராசரியாக வருடம் 3.21 சிலிண்டர். நான்கு மாதத்துக்கு ஒன்று என்பதற்குச் சற்றுத்தான் மேல்; மீதி நாள் விறகுதான். இன்னொரு பக்கம் 1.98 லட்சம் பேர் வருடத்துக்குப் பன்னிரண்டுக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். 13.96 லட்சம் பேர் ஒரே மாதத்தில் மூன்று முதல் 41 சிலிண்டர் வரை வாங்கியதாகப் பதிவு. ஒரு மாதத்தில் 41 சிலிண்டர்! கல்யாண மண்டபம் வைத்திருந்தாலும் அத்தனை ஆகாது. ஏழைப் பெண்ணின் பெயர் காகிதத்தில், நெருப்பு ஏதோ ஒரு ஹோட்டல் அடுப்பில்.

அந்தப் பெண்களின் புருஷன்மார்களில் ஒரு பகுதி இங்கே இருக்கிறார்கள். 2005-ல் உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்து ஆர்டர் பெருகிய பிறகு, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் ஆட்கள் போதாமல், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ரயில்கள் திருப்பூர் ஸ்டேஷனில் இளைஞர்களை இறக்கின. லைன் வீட்டு அறை ஒன்றுக்கு நான்கு பேர், ஐந்து பேர். அவர்களுக்கு அரிசி தர வழி பிறந்தது: 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது, வெளிமாநிலக் கார்டுக்கும் இங்கே கைரேகை வைத்தால் தானியம். அரிசிக்குக் கால் முளைத்தது. அதை வேகவைக்கும் சிலிண்டருக்கு முளைக்கவில்லை. உஜ்வலா மானியம் மனைவியின் பெயரில், மனைவியின் கணக்கில், மனைவி இருக்கும் ஊரில். 2021 ஆகஸ்டில் வந்த உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில் புலம்பெயர்ந்தவர்கள் ரேஷன் கார்டு, முகவரிச் சான்று இல்லாமல் தாமே எழுதிக் கொடுத்து இணைப்பு வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருந்தால் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே அடுப்பு என்பது அரசின் கணக்கு. பனியன் தொழிலாளியின் குடும்பத்துக்கு எப்போதுமே இரண்டு அடுப்பு: ஒன்று ஊரில், ஒன்று இங்கே.

இந்த இரண்டாவது அடுப்பை வியாபாரம் கவனித்தது. 2013 அக்டோபரில் ஐந்து கிலோ சிலிண்டர் மானியமில்லாமல் சந்தைக்கு வந்தது; அடையாள அட்டை ஒன்று காட்டினால் போதும். அதற்கும் முன்பிருந்தே, பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் கிலோக் கணக்கில் ரப்பர் குழாய் வழியாக நிரப்பிக் கொடுக்கும் கடைகள் தொழில் நகரங்களின் சந்துகளில் உண்டு. சட்டத்துக்குப் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. விலையோ மானிய சிலிண்டரைவிடக் கிலோவுக்கு எப்போதும் கூடுதல். மானியம் யாருக்கென்று இருக்கிறதோ அவர்தான் இந்த நகரத்தில் கேஸுக்கு அதிக விலை கொடுக்கிறார்.

2020 ஊரடங்கில் இது கண்ணுக்குத் தெரிந்தது. ஏப்ரல் முதல் உஜ்வலா குடும்பங்களுக்கு மூன்று சிலிண்டர் இலவசம் என்று மத்திய அரசு பணம் போட்டது. தமிழ்நாடு அரசு அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் பொருட்களும் கொடுத்தது. இரண்டுமே கார்டு இருக்கும் ஊரில். மெஷின் நின்றுபோன திருப்பூரில், அறைக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் எதிலும் இடமில்லை. கார்டு இல்லாதவர்களுக்கும் ஐந்து கிலோ தானியம் என்ற அறிவிப்பு மே மாதம்தான் வந்தது. அதற்குள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். அந்தக் கோடையிலேயே மற்ற குடும்பங்களுக்கான கேஸ் மானியமும் சத்தமில்லாமல் நின்றது. 2022 மேயில் உஜ்வலாவுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று திரும்பி வந்து, 2023 அக்டோபரில் 300 ஆனது.

மின்சாரத்திலும் இதே கதைதான். 2016 மே 23 அன்று ஜெயலலிதா பதவியேற்றதும் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைன் வீடுகள் பலவற்றில் வாரிய மீட்டர் ஒன்று, அதற்குக் கீழே வீட்டுக்காரர் மாட்டிய சப்-மீட்டர்கள் எட்டு. குடியிருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே வீட்டுக்காரர் சொல்லும் விலையைக் கொடுக்கிறார். அந்த 100 யூனிட் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, பத்தொன்பது வருடம் கழித்து தமிழ்நாட்டில் மறுபடி ஒரு கோடு கிழிக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், வருடத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்ற கதவையும் வைத்தார்கள். எச் முத்திரையின் பாடம் யாரோ ஒரு அதிகாரிக்கு நினைவிருந்திருக்கிறது. இந்த முறை கார்டில் சீல் இல்லை. மீட்டர்தான் சாட்சி. எட்டு வீடு ஓடும் ஒரே மீட்டர் யாருக்காகச் சாட்சி சொல்லும் என்பது லைன் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வரும் சந்தேகம்.

கடைகளில் இப்போது விரல் வைக்க வேண்டும். நூல், சாயம், அயன் பெட்டிச் சூடு என்று வருடக் கணக்கில் பழகிய விரல்களில் ரேகை தேய்ந்துபோவது உண்டு. மெஷின் இரண்டு முறை, மூன்று முறை மறுக்கும். அதற்கு மாற்றாகத்தான் 2023-லிருந்து கருவிழி பார்க்கும் கருவி கடைகளுக்கு வரத் தொடங்கியது. கேஸ் இணைப்புக்கோ முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கிறார்கள். சிலிண்டர் போட வரும் பையன் மொபைலை நீட்டுகிறான்.

"யார் பேர்லங்க கனெக்‌ஷன்?"

"எங்க அம்மா பேர்லப்பா."

"கூப்பிடுங்க, ஒரு போட்டோ எடுக்கோணும்."

"அம்மா ஊர்ல இருக்குது."

(தொடரும்)